மஞ்சளுக்குப் பின்

முத்தையாபுரம் நிறுத்தத்தில் பேருந்து நின்றதும் ஓட்டுநர் எழுந்து இறங்கினார். அங்கே காத்திருந்த இன்னொருவர் ஏறி, சூடு ஆறாத அந்த இருக்கையில் உட்கார்ந்தார். பயணிகளில் ஒருவரும் தலை நிமிரவில்லை. மங்கையர்க்கரசி மட்டும் உத்தியோகப் பழக்கத்தில் இறங்கியவரின் மணிக்கட்டைப் பார்த்தாள். அவருடைய அயர்வுமானியில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

மொச்சைக்கொட்டை அளவுள்ள அந்தக் கருவி, களைப்பு வருமுன்பே அது வரப்போவதைச் சொல்லிவிடும். பச்சை இருக்கும்வரை வேலை. மஞ்சள் எரிந்தால் கைமாற்ற வேண்டும். சட்டம் அவ்வளவுதான். அது வந்த பிறகு லாரிகள் புளியமரத்தில் மோதுவதில்லை, அறுவை மருத்துவர்களின் கை நடுங்குவதில்லை. வயிற்றைத் திறப்பவர் ஒருவர், தைத்து மூடுபவர் இன்னொருவர். கல்யாண வீட்டில் ராகத்தை எடுத்த நாகசுரக்காரர் பாதியில் பந்திக்குப் போய்விடுவார். அதை முடிக்க வேறொருவர் வருவார். மாப்பிள்ளை வீட்டார்கூட அதைக் குறையாகச் சொல்வதில்லை.

இப்படியே மனிதர்களும் இரண்டு வகையானார்கள். நிதானமாக ஏறி நெடுநேரம் நிற்கும் தெம்புள்ளவர் முதலாள். சட்டென்று மூண்டு சட்டென்று அணைபவர் மாற்றாள். பதினெட்டு வயதில் யார் எது என்று பகுத்து எழுதிவிட்டால் அப்புறம் படிப்பு, வேலை எல்லாம் அதன்படிதான். மாற்றாள் என்று சக்களத்திக்கு இருந்த பழைய சொல்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டதே என்று பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

பெரும்பாலானவர்களைக் கருவியே பகுத்துவிடும். அதற்குப் பிடிபடாதவர்களைப் பகுப்பது மங்கையர்க்கரசி என்ற அரசியின் வேலை. அவளும் முதலாள்தான். விசாரணையை அவள் தொடங்குவாள். மஞ்சள் எரிந்ததும் அவளுடைய மாற்றாள் செண்பகராமன் அண்ணாச்சி வந்து முடித்துவைப்பார். தான் தொடங்கிய பிள்ளைகள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. வீட்டில்கூடச் சண்டையை அவள் தொடங்குவாள், கணவன் முடிப்பான்.

அன்றைக்கு அவள் போன இடம் உப்பளத்தை ஒட்டிய பேஸ்பால் மைதானம். பகுக்க வேண்டிய பையன் கஸ்பார், நடுமேட்டில் நின்று பந்தெறியும் வீச்சாளன். அந்த ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. முதல் ஐந்தாறு சுற்றுகளை முதலாள் எறிவார், மீதியை மாற்றாள். தொடங்கியவரே முடித்த ஆட்டம் எதையும் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

"மாத்தாளுன்னே போட்டுருங்க மேடம்," என்றார் பயிற்சியாளர் லிங்கதுரை. "கடைசி ரெண்டு சுத்துக்கு எங்கிட்ட ஆளில்ல. இவன் கை அதுக்குன்னே செஞ்ச கை."

"கருவி என்ன சொல்லுது?"

"அதான் கொழப்பம். திரையில கோடு மொதலாளு மாதிரியே ஏறுது. ஆனா நாலாம் சுத்துலயே மஞ்சள். மொதலாளுக்கு அது பத்தாது, மாத்தாளுக்கு அது அதிகம். ரெண்டுங்கெட்டான்."

அரசி கஸ்பார் பக்கம் திரும்பினாள். கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி முழங்காலைத் தொட்டுவிடும் போலிருந்தது. "நீ என்ன சொல்லுத?"

"ரெண்டும் வேண்டாம்க்கா. மொதப் பந்தையும் நானே எறியணும், கடைசிப் பந்தையும் நானே எறியணும்."

"பாத்தியளா," என்று சிரித்தார் லிங்கதுரை. "பந்தியில மொத எலையும் இவனுக்கு, கடைசி எலையும் இவனுக்கு."

கஸ்பார் சிரிக்கவில்லை. "ஒரு தடவ எறிஞ்சிருக்கேன்க்கா. அன்னைக்கு மாத்தாளு வந்த வேன் கயத்தாத்துல நின்னு போச்சு. சாரும் அவரக் கூட்டியாரப் போயிட்டாரு. மஞ்சள் எரிஞ்ச பொறவும் நான் எறங்கல. ரெண்டு சுத்துக்கு உசுரே போயிட்டு. கை நனஞ்ச சாக்கு கணக்காத் தொங்கிச்சு. பொறவு அது போயிட்டு."

"எது?"

"களைப்புதான். வந்துச்சு, போயிட்டு."

அரசி கையிலிருந்த கருவித்திரையைப் பார்த்தாள். பகுப்புச் சோதனையில் பதிந்த கஸ்பாரின் கோடு மஞ்சளில் நின்றிருந்தது. எல்லோருடைய கோடும் அங்கேதான் நிற்கும், ஏனென்றால் எல்லோரையும் அங்கேதான் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இத்தனை வருடங்களாகப் பாதிக் கோட்டைப் பார்த்தே முழு ஆளையும் பகுத்திருக்கிறாள்.

"இன்னைக்கு இவனை இறக்காதீங்க."

"மஞ்சளுக்குப் பொறவு எறியிறது கணக்குல வராதே மேடம்."

"வரவேண்டாம். நான் பாக்கணும்."

ஆட்டம் தொடங்கியது. நாலாம் சுற்றில் கஸ்பாரின் மணிக்கட்டில் மஞ்சள் எரிந்தது. அவன் இறங்கவில்லை. ஐந்தாம் சுற்றில் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போக மறுத்தது. எதிரணிப் பையன்கள் ஆளுக்கு ஆள் அடித்தார்கள். லிங்கதுரை, ஒருவர் உடை மாற்றுவதைப் பார்த்துவிட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரசியின் மணிக்கட்டிலும் மஞ்சள் எரிந்தது. ஜீப்பில் காத்திருந்த செண்பகராமன் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார்.

"தள்ளி உக்காரும்மா. இப்பத்தான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சேன், பச்சப்பசேல்னு இருக்கேன்."

"இருங்க அண்ணாச்சி. இதை நானே முடிக்கேன்."

"ஒனக்கு முடிக்கத் தெரியுமா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்குள் உப்புத்தூள் விழுந்ததுபோல் கண் எரிந்தது. எதிரே நிற்கும் பையனின் பெயர் மறந்துபோனது. சாகப்போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பைக்கூட முழுதாக நினைக்க முடியவில்லை. இருந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. கஸ்பாரும் மேட்டைவிட்டு இறங்கவில்லை.

ஏழாம் சுற்றில் அவன் தோள் இறுக்கம் தளர்ந்தது. அடுத்த பந்து, பிடிப்பவனின் கையுறையில் சிதறுகாய் விழும் சத்தத்தோடு போய் விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. வரிசையாக மட்டையோடு வந்த பையன்கள் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் தெளிவதுபோல அரசியின் தலையும் மெல்லத் தெளிந்தது. ஒன்பதாம் சுற்றின் கடைசிப் பந்தையும் அவனே எறிந்தான்.

இவன் முதலாளும் இல்லை, மாற்றாளும் இல்லை. தொடங்கியதை இவனே முடிக்கட்டும் என்று அவள் எழுதினாள். அண்ணாச்சி வாங்கிப் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் முடிச்சிருக்க," என்றார்.

மஞ்சளில் எழுதிய முடிவு செல்லாது என்று திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அனுப்பவில்லை. தலைநகரில் யாரோ அதை மிகுந்த கவனத்தோடு படித்தார்கள். மஞ்சளுக்குப் பிறகும் கோடு ஏறுகிறதா என்று ஊர் ஊராகச் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஏறியது. முழுஆள் என்று மூன்றாவது வகை ஒன்று வந்தது. முதலில் பேருந்து ஓட்டுநர்கள், அடுத்து செவிலியர்கள், பிறகு ஆலைகள். ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு இருவர் எதற்கு என்று எல்லா நிர்வாகங்களும் கேட்டன. முழுஆட்களின் கருவியில் இனிப் பொருளில்லாத அந்த மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டார்கள்.

அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பியபோது அவர் விடைபெற வந்தார். "என் வேலையவும் சேத்து முடிச்சிட்டியேம்மா," என்று சிரித்தார். அவர் சிரித்ததால் அரசியும் சிரித்தாள்.

அதற்கடுத்த வருடம் கஸ்பார் அலுவலகத்துக்கு வந்தான். வலது கையை, அடுத்த வீட்டுக் குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தான்.

"என்னை மாத்தாளா மாத்தி எழுதணும்க்கா."

"ஏன்?"

"நெதம் ஆட்டம். ஒன்பது சுத்தும் நான்தான்."

"களைப்பு போயிருதுல்லா?"

"போவுது. பொறவு திரும்பி வருது. ரெண்டாவது வாறது போவ மாட்டேங்கு."

"சார்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'நீ கேட்டதுதானல'ன்னுட்டாரு."

வகையை மாற்ற வேண்டுமென்றால், மஞ்சள் எரிந்ததற்குச் சான்று வேண்டும். அவன் மணிக்கட்டில் பச்சை மட்டும் எரிந்தது. இரண்டாம் களைப்பை அளக்கும் கருவி எதுவும் இன்னும் வரவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று அரசி விதிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். காலையிலிருந்து அதே நாற்காலியில்தான் இருந்தாள்; தொடங்கிய எல்லாவற்றையும் அவளேதான் முடிக்கவும் வேண்டியிருந்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. படித்த வரியையே மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான் கஸ்பார். "என்ன முடிவு?"

"கொஞ்சம் இருப்பா," என்று அவள் கண்களை மூடிக்கொண்டாள். "இப்பப் போயிரும்."

எது என்று அவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் அது போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.