கழற்றக் கூடாது

"குடை எனக்கு வேண்டாங்க... இதுக்குப் பிடிங்க!"

அவன் திகைத்துப் போனான். பேருந்து நிறுத்தத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே அவள் நின்றிருந்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... பாவமாக இருக்கிறதே என்று குடையை நீட்டினால், நெஞ்சோடு அணைத்திருக்கும் பைக்குப் பிடிக்கச் சொல்கிறாள்!

"உள்ள என்ன, குழந்தையா?"

"அதுக்கும் மேல. ஹார்டு டிஸ்க்."

"அதுக்கு இவ்வளவு பாசமா?"

"பழசு ஒண்ணு காலைல இருந்து முனகிட்டு இருக்கு. அது போய்ச் சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேரணும்."

பேருந்து வந்தது. கூட்டம் அவளை உள்ளே தள்ளியது. பையோடு சேர்த்துக் குடையையும் அணைத்துக்கொண்டு அவள் ஏறிவிட, கதவு மூடிக்கொண்டது. நடைபாதையில் அவன் மட்டும் நின்றான்... தலை முதல் கால் வரை மழை.

அடிப்பாவி! குடையைத் திருடிக்கொண்டு போகிறாளே! கோபம் வர வேண்டிய இடத்தில் ஏனோ சிரிப்பு வந்தது.

அரை மணி கழித்து, மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் 'சர்வர் அறை' என்று எழுதிய கதவைத் தட்டினான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவைத் திறந்தவளின் கையில்... அவனுடைய குடை!

"ஐயோ... குடையைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா?"

"இல்லைங்க. உங்க சர்வரைப் பார்த்து அறிக்கை எழுத வந்திருக்கேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு பட்டென்று அணைந்தது.

இவன்தானா அந்த ஆள்? 'இந்த சர்வரை வைத்திருக்கலாமா, தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பெனி சர்வர் வாங்கலாமா' என்று முடிவு சொல்ல நிர்வாகம் அனுப்பிய நிபுணன் இவன்தானா?

மூன்று வருடம். ஓரம் கட்டிய பழைய பெட்டியை எடுத்துத் துடைத்து, உலகமெங்கும் பலர் கூடி எழுதி எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் லினக்ஸ் மென்பொருளை அதில் ஏற்றி, ஆய்வகத்தின் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை முடிவையும் அதன் வழியாக ஓடவிட்டவள் அவள். எல்லாரும் அவளை 'சர்வர் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆய்வகத் தலைவி அவளுடைய சித்தி. 'சித்தி சிபாரிசுல வந்தவதானே' என்ற முணுமுணுப்பும் காதில் விழாமல் இல்லை. அதனாலேயே அலுவலகத்தில் சித்தியை 'மேடம்' என்றுதான் அழைப்பாள். அந்த முணுமுணுப்புக்கு அவள் வைத்திருந்த ஒரே பதில் இந்தப் பெட்டி. அது போனால்...

"பாருங்க, நல்லாப் பாருங்க. மூடி கழண்ட பெட்டின்னு எழுதிடாதீங்க."

"நான் மூடியைப் பார்க்க வரலைங்க."

இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே விஷயத்தை எழுதி வைக்கும் சர்வர் அது. ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். காலையில் ஒன்று சரியில்லை என்று சர்வரே அவளுக்கு மடல் அனுப்பியிருந்தது. 'இரண்டாவது டிஸ்க் மோசம்' என்று அவசரமாக ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் புது டிஸ்க் வாங்க ஓடினாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நின்றது. அவள் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள். எழுந்துகொண்டது. ஆனால் ஆய்வகக் கணினிகள் ஆறையும் மறுபடி இணைக்க வேண்டும்.

"வந்துடறேன். சேர்ந்தே மாத்தலாம்."

"டிஸ்க் மாத்தறது அஞ்சு நிமிஷ வேலைங்க. எட்டு வருஷமா இதான் பண்றேன்."

"எட்டு வருஷம் பொறுத்தவருக்கு எட்டு நிமிஷம் பொறுக்க முடியாதா?"

போய்விட்டாள். அவள் சொன்ன அந்த வார்த்தைதான் அவனைக் குத்தியது. புது டிஸ்க்கைப் பிரித்தான். சீட்டைப் பார்த்தான்: இரண்டாவது. இரண்டாவது டிஸ்க்கின் விளக்கை மட்டும் மினுக்கச் சொல்லி சர்வருக்குக் கட்டளை கொடுத்தான். மினுக்கியது. உருவினான்.

முதல் சில நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் உள்ளிருந்து ஒரு சத்தம்... டிக்... டிக்... டிக்... சாகப் போகிற டிஸ்க் போடுகிற சத்தம்!

கதவு படாரென்று திறந்தது. முன்னால் சித்தி, பின்னால் அவள், அவர்களுக்குப் பின்னால் ஆய்வகமே.

"ஆபரேஷன் தியேட்டர்ல ரத்த வகை கேட்டு நிக்கறாங்க, இங்க ஒரு திரை அசையல! யாருடி கை வெச்சது?"

எல்லாக் கண்ணும் அவள் மேல் திரும்பின. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்து. அதைக் கிழித்துக் காட்டினால் போதும்... அவன் தப்பித்துவிடலாம். அறிக்கையும் எழுத வேண்டாம், அது தன்னைத் தானே எழுதிக்கொள்ளும்.

"நான்தான்" என்றான் அவன். "அவங்க பொறுக்கச் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

அவள் அவனைப் பார்த்தாள். முதல் முறையாக, குடையில்லாமல், நிபுணன் என்ற பட்டமில்லாமல்... அவனை. ஈரச் சட்டை, ஆனால் தாழாத கண்கள். மனசுக்குள் என்னவோ நகர்ந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!

"சித்தி, பரிசோதனைச் சீட்டுல எழுதியிருக்கும், போன்லயே ரத்த வகையைச் சொல்லிடுங்க!" என்றாள். அலுவலகத்தில் 'சித்தி' என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவளே கவனிக்கவில்லை.

உருவிய டிஸ்க்கைத் திருப்பி, முதுகில் பொடிப்பொடியாக அச்சடித்திருந்த வரிசை எண்ணைப் படித்தாள். காலை மடலில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டாள்.

"இது நல்ல டிஸ்க். நோயாளி உள்ள தனியா ஓடிட்டு இருக்கான்."

அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். "ரீஸ்டார்ட் பண்ணினோமே! எது முதல்ல எழுந்துச்சோ அதுதான் ஒண்ணு... வரிசை மாறிப் போச்சு. என் புத்திக்கு இது தெரியும், கைக்குத்தான் தெரியல."

"சீட்டுல வரிசை எண்ணை எழுதாதது என் தப்பு. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம், நிறுத்துங்க சர்வரை!"

நிறுத்தினார்கள். கெட்டதைக் கழற்றினார்கள். நல்லதை மட்டும் செருகி எழுப்பினாள். ஒற்றை டிஸ்க்கோடு ஏற மாட்டேன் என்று முதலில் முரண்டு பிடித்தது. இரண்டு வரி கட்டளை போட்டாள்... ஏறியது. டிஸ்க்கை உருவிய பிறகு பதிவான பதினொரு முடிவுகள் மட்டும் அதில் இல்லை. சித்தி காகிதச் சீட்டுகளை வாசிக்க வாசிக்க, நிபுணன் சொல்படி கேட்கும் பையன் மாதிரி உட்கார்ந்து பதினொன்றையும் தட்டினான். ஒவ்வொன்றையும் அவள் சரிபார்த்தாள்.

ஆறாவது நிமிடம் ஓட ஆரம்பித்த சர்வர், பதினைந்தாவது நிமிடம் முழுசாகியிருந்தது. சித்தி அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

புது டிஸ்க்கைச் செருகினார்கள். நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாம் நகலாக வேண்டும். திரையில் சதவீதம் ஏறியது... நான்கு... ஏழு... ஒன்பது. ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு போட்டது.

"இது முடிய மூணு மணி நேரம் ஆகும். நீங்க கிளம்பலாம்" என்றாள்.

"நான் கெடுத்தது. முடியற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

"உங்க இஷ்டம். சட்டை காய்ற வரைக்கும்னு நினைச்சுக்கறேன்."

"குடையைத் திருடினது யாருன்னு நினைவிருக்கா?"

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவன் சதவீதத்தைப் பார்க்க மறந்தான். பதினேழிலிருந்து நாற்பதுக்கு எப்படிப் போனது என்று இன்று வரை அவனுக்குத் தெரியாது. கிளம்பும்போது மழை விட்டிருந்தது. குடையை அவன் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை...

நான்காம் நாள் காலை, அறிக்கையோடு அவனே வந்தான். அவள் முதல் பக்கத்தைப் படித்தாள்.

'இந்த சர்வரை மாற்றத் தேவையில்லை. ஆய்வின்போது நேர்ந்த தடங்கல் என் தவறு. அதிலிருந்து அது மீண்ட விதமே இதைக் கட்டியவரின் தகுதிக்குச் சான்று.'

மகிழ வேண்டியவள் சிவந்துபோனாள். அந்த மூன்று மணி நேரம்... அந்தச் சிரிப்பு... அதற்காகவா இது? சித்தி சிபாரிசு போய், இப்போது இவன் சிபாரிசா?

"எனக்கு யார் தயவும் வேண்டாம்" என்று காகிதத்தை மேசையில் வைத்தாள். "தப்புப் பண்ணின குற்ற உணர்ச்சியில எழுதினதா? இல்ல... வேற எதுவுமா? கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க. என் சர்வர் தோத்தாலும் நேர்மையாத் தோக்கட்டும்."

"மூணாம் பக்கம் பார்க்கலியா?"

"என்ன இருக்கு?"

"பாருங்களேன்."

புரட்டினாள். 'குறைகள்' என்று தலைப்பு. ஒன்று, விசிறியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. இரண்டு, மாற்று டிஸ்க் கையிருப்பில் இல்லை. மழையில் ஓடி வாங்க நேர்ந்தது. மூன்று, எச்சரிக்கை மடல் ஒரே ஒருவருக்குத்தான் போகிறது. நான்கு, டிஸ்க்குகளின் முகப்பில் வரிசை எண் ஒட்டப்படவில்லை. இது பெரிய குறை. பதினைந்து நாளில் சரிசெய்யப்பட வேண்டும்.

"ஒரு விரல் கனமா? அநியாயம்! அரை விரல்தான் இருக்கும்."

"அளந்து பார்த்தேங்க."

அவள் உதட்டைக் கடித்தாள். நான்கும் உண்மை. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. இத்தனை வருடத்தில் அவளுடைய வேலையை யாரும் இவ்வளவு மதித்துத் திட்டியதில்லை! நெஞ்சு நிமிர்ந்தது. கண் ஏனோ கலங்கியது.

"அறிக்கைல எழுத முடியாதது ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான் மெதுவாக. "அது சர்வரைப் பத்தி இல்ல. எழுதி முடிச்சுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்லணும்னு இருந்தேன்... நனைஞ்சுகிட்டு நின்னு, எனக்கு வேண்டாம் இதுக்குப் பிடிங்கன்னு சொன்னீங்களே... அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. நீங்க பதில் சொல்ல வேண்டாம். குடையைக் கொடுத்தா கிளம்பிடுவேன்."

அவள் லேபிள் அச்சடிக்கும் கருவியை இழுத்தாள். முதல் டிஸ்க்கின் வரிசை எண்ணை அச்சடித்து ஒட்டினாள். இரண்டாவதற்கும் ஒட்டினாள். பதினைந்து நாள் கெடு வைத்த வேலை, இரண்டே நிமிடம். பிறகு மூன்றாவதாக ஒன்று அச்சடித்தாள். ஓடும் டிஸ்க்குகளுக்கு மட்டும் போடுகிற சிவப்பு லேபிள். மூலையில் இருந்த குடையை எடுத்து, அதன் கைப்பிடியில் பதிய ஒட்டி, அவனிடம் நீட்டினாள். குடையை அவன் பிடித்தான். அவள் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா சித்தி உள்ளே வர வேண்டும்! பின்னால் ஆய்வகத்துத் தலைகள் நான்கைந்து.

"அறிக்கை வந்துடுச்சாமே..." என்று ஆரம்பித்தவர் நின்றார். ஒரு குடை. அதில் இரண்டு கை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கைப்பிடியைப் படித்தார்.

'உபயோகத்தில் உள்ளது. கழற்றக் கூடாது.'

"யாருடி இதை ஒட்டினது?"

எல்லாக் கண்ணும் அவன் மேல் திரும்பின. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்... தலை நிமிர்ந்து, ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி.

"நான்தான், சித்தி."