கண்ணாடிப் பேழையில் இருப்பவர்

இமயத்தின் அந்தப் பனியாறு இந்தக் கோடையிலும் பின்வாங்கியது. போகிற போக்கில், எப்போதோ விழுங்கியதில் எதையாவது துப்பிவிட்டுத்தான் போகும். பெரும்பாலும் மரக்கட்டைகள். மரம் செத்த ஆண்டைக் கரிமக் கடிகை என்ற கருவி நொடியில் சொல்லிவிடும்; பனி இறங்கிவந்து அந்தக் காட்டைச் சாய்த்த ஆண்டும் அதுதான். இம்முறை வந்தது ஒரு கை எலும்பு.

ஆய்வு நிலையத் தலைவி நாச்சியார் எலும்புத் துகளைத் தானே கிண்ணத்தில் இட்டாள். எலும்பு என்றால் வேறு யாரையும் தொடவிடமாட்டாள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே பனியாற்றின்மேல் நடந்துபோன அவள் கணவன் சேந்தன் திரும்பவில்லை.

“ஆயிரத்து நானூறு வருசம்,” என்றான் கருவியைக் கவனித்துக்கொள்ளும் பெனடிக்ட். “அண்ணன் இல்லக்கா.”

அப்பாடா என்றிருந்தது. சட்டப்படி, புதிய எலும்புக்குத்தான் மரபணுச் சோதனை. பழையது நேரே அருங்காட்சியகத்துக்கு. சேந்தன் எங்கோ இருக்கிறான் என்று இன்னும் கொஞ்ச நாள் நம்பலாம்.

கிண்ணத்தைத் துடைத்துக் கடிகையில் மீண்டும் செருகினாள். குனிந்தபோது அவள் தலைமுடி ஒன்று அதில் விழுந்திருந்தது. கடிகை ஒலித்தது.

பெனடிக்ட் சிரித்தான். “அக்கா, உங்க முடிக்கு ஆயிரத்து ஐநூறு வயசாம்! அந்த எலும்புக்கே நீங்க மூத்தவங்க. மெஷின் கெட்டுப்போச்சு போல.”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் நாச்சியார். “காத்துதான் கெட்டுக் கிடக்கு.”

உயிருள்ளவரை காற்றிலிருந்து உடம்பில் கதிர்க்கரி என்ற கதிரியக்கக் கரிமம் சேரும், செத்தபின் தேயும், தேய்ந்த அளவை வைத்துத்தான் கடிகை வயது சொல்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய புகையிலோ கதிர்க்கரியே கிடையாது. அந்தக் காற்றில் வளர்ந்த செடியும், அதைத் தின்ற மனிதரும் பிறக்கும்போதே கிழடு. கல்லூரியில் படித்த பாடம்தான். கடிகையின் கணக்கைத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டியவளும் அவள்தான். பழையது, பழையது என்று கேட்கும் ஆசையில் அதை மறந்தே போனாள்.

“அப்ப இதுவரைக்கும் நாம அனுப்பினதெல்லாம்...?” என்றான் பெனடிக்ட்.

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழை அவள் கண்முன் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து போன மண்டையோடு. முன்பல் ஓரத்தில் உடைந்திருக்கும். அக்காலத்து மனிதர் தோலைப் பல்லால் கடித்துப் பதப்படுத்தியதன் அடையாளம் அது என்று, பேழைக்குப் பக்கத்தில் நின்று அவளே விளக்கினாள். கூட்டம் கைதட்டியது.

சேந்தன் சோடா பாட்டிலைப் பல்லால் திறப்பான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படித் திறக்கப்போய்ப் பல் உடைந்தது. அன்று சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறே வலித்துவிட்டது.