மூன்று பெட்டிகளும் ஒரு காலும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, டவுன்ஹால் ரோட்டு இசைக்கருவிக் கடையில் இருந்தவர்கள்:

அருண்பாண்டி, வயது இருபத்திரண்டு. பெட்டி வாங்க வந்தவன்.

ராம்கி, அவனுடைய நண்பன். யோசனை சொல்ல வந்தவன். யாரும் அவனைக் கேட்கவில்லை.

பவதாரிணி, கடையில் விற்பவர்.

தமிழ்வாணி, அருண்பாண்டியின் தங்கை, ஆறாம் வகுப்பு. கோபமாக வந்தவள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா. தமிழ்வாணியும் ஏழு தோழிகளும் கும்மி ஆட வேண்டும். அதற்கு இசை போட்டுத் தருவதாக அண்ணன் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். ஊர்த் திருவிழாக்களில் ஆடுகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் இசை போடுவான். கெட்டிக்காரன். ஆனால் அவனுடைய பழைய கணினி ஒருநாள் அணைந்தது, அணைந்தது அணைந்ததுதான்.

"இனிமே கம்ப்யூட்டரே வேணாம் வாணி. பீட் மெஷின் வாங்கப் போறேன்" என்றான்.

பீட் மெஷின் என்றால் ஒரு பெட்டி. அதன் மேல் பதினாறு ரப்பர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஓசையைப் பிடித்து வைக்கலாம். விரலால் தட்டினால் அது ஒலிக்கும். தட்டியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாட்டு.

எந்தப் பெட்டி நல்லது என்று பார்க்க அருண்பாண்டி வீடியோக்களைப் பார்த்தான். பார்த்தான், பார்த்தான், மூன்று மாதம் பார்த்தான். குறித்து வைத்தே ஒரு நோட்டு தீர்ந்தது. பாட்டு ஒன்றுகூடப் போடவில்லை.

முந்தாநாள் பள்ளியில் அன்னக்கொடி டீச்சர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை பாட்டு வரலைன்னா உங்க கும்மி கிடையாது. வேற பிள்ளைக ஆடட்டும்."

நாளை திங்கட்கிழமை.

பவதாரிணி மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். பெரியது, நடுத்தரம், சின்னது. பெரியதில் ஒரு பொத்தானை அழுத்தினார். கடையே அதிர்ந்தது.

"மாப்ள, இதான்டா!" என்று கத்தினான் ராம்கி. "திரையைப் பாரு, டிவி மாதிரி இருக்கு. கண்ணை மூடிட்டு எடு."

"அக்கா, இந்தப் பாட்டை யாரு போட்டது?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

"கம்பெனிக்காரங்க போட்டு அனுப்புனது பாப்பா."

"அப்ப எங்கண்ணன் போட்டது இல்லையே."

ராம்கி சிரித்தான். "உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு."

தமிழ்வாணி சும்மா இருக்கவில்லை. "அண்ணே, மூணு பெட்டியிலயும் எங்க கும்மிக்குப் பாட்டுப் போடு. ஒவ்வொண்ணுக்கும் இருபது நிமிஷம். நான் கை தட்டுறேன், நீ பிடிச்சுக்க."

அருண்பாண்டி நோட்டைப் புரட்டினான். அதில் இந்த யோசனை இல்லை. இருந்தாலும் தலையாட்டினான்.

பெரிய பெட்டி முதலில். மைக்கைச் செருகினார்கள். "தட்டு" என்றான். தட்டினாள். "இன்னொரு தடவை." தட்டினாள். "இரு, திரை வேற பக்கத்துக்குப் போயிருச்சு. மறுபடி தட்டு." ஆறாவது முறை அவள் உள்ளங்கை சிவந்துவிட்டது. பிறகு அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைத் தடவித் தடவி ஏதோ தேடினான்.

ஹெட்போன் மாட்டியதும் மற்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ராம்கி கொட்டாவி விட்டான். தமிழ்வாணிக்கு அது சிரமமாக இல்லை. அவர்கள் வீடு செல்லூரில், கீழே விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே வளர்ந்தவளுக்குக் காதை விட்டுவிட்டுக் கண்ணால் கவனிப்பது பழக்கம். அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் ஆனது. அருண்பாண்டி நெற்றியைத் துடைத்தான். "பிரமாதமான மெஷின்" என்றான்.

நடுத்தரப் பெட்டியில் கைதட்டல் உடனே பதிந்தது. ஆனால் அடுக்குவதற்கு எந்தப் பொத்தானோடு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. ராம்கி கைப்பேசியில் வீடியோ தேடிக் காட்டினான். இருவரும் வீடியோ பார்த்தார்கள். அந்த இருபது நிமிடமும் போயிற்று.

சின்னப் பெட்டியின் திரை தீப்பெட்டி அளவுதான். ராம்கி அதைப் பார்த்துவிட்டு, "இது விளையாட்டுச் சாமான்டா" என்றான்.

தமிழ்வாணி ஒரு முறை தட்டினாள். அருண்பாண்டி ஹெட்போனை மாட்டினான். கட்டங்களைத் தொட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அவனுடைய வலது கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

தமிழ்வாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கால் நிற்கவே இல்லை. பிறகு தலை ஆடியது. பிறகு தோள்.

"மாப்ள, டீ சாப்பிடுவமா?" என்றான் ராம்கி. அருண்பாண்டி கட்டங்களைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"இருபது நிமிஷம் ஆச்சு பாப்பா" என்றார் பவதாரிணி.

"கூப்பிடாதீங்கக்கா. இப்பத்தான் அண்ணன் வேலை பார்க்குது."

அவன் ஹெட்போனைக் கழற்றியபோது அரை மணி தாண்டியிருந்தது. "எம்புட்டு நேரமாச்சு? அஞ்சு நிமிஷம் இருக்குமா?" என்று கேட்டான்.

பவதாரிணி ஒலிபெருக்கியில் இணைத்தார். கும்மிக்கு ஏற்ற தாளம், தமிழ்வாணியின் கைதட்டல் எட்டுப் பேர் தட்டுவது போல. பாதிப் பாட்டு முடிந்திருந்தது.

"சரி, பெருசையே பில் போடுங்க" என்றான் அருண்பாண்டி.

தமிழ்வாணிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏண்ணே?"

"எல்லாரும் அதுக்குத்தான் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. சின்னதுல ரொம்ப நீளமான பாட்டுப் போட முடியாதாம்."

"எங்க கும்மி எம்புட்டு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"சின்னதுல நாலு நிமிஷம் வருமா?"

"வரும்..."

"திருவிழா ஆட்டம்?"

"அதுவும் அஞ்சு நிமிஷம்தான்."

"அண்ணே, நீ ஹெட்போன் போட்டிருந்த. எனக்கு ஒண்ணும் கேக்கலை. உன் காலைத்தான் பார்த்தேன். பெருசுல கால் அசையலை. அடுத்ததுலயும் அசையலை. இதுல நிக்கவே இல்லை. ஸ்டார் குடுத்தவங்க காலா அது? உன் காலு."

பவதாரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அருண்பாண்டி மூன்று பெட்டிகளையும் பார்த்தான். கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். பிறகு பவதாரிணியிடம் சொன்னான்: "சின்னதைக் குடுங்க. இப்ப போட்டதை ஒரு மெமரி கார்டுல ஏத்திக் குடுத்துருங்க."

அவர்கள் செல்லூர் வந்து சேர்வதற்குள், ராம்கி கைப்பேசியிலேயே ஊருக்கெல்லாம் செய்தி சொல்லிவிட்டான். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"அருணு, பிரிச்சுக் காட்டுடா!"

"நான் ஒரே ஒரு தட்டு தட்டிக்கிறேன்!"

"மாப்ள, முதல்ல எனக்குத்தான். கூட வந்தவன் நான்" என்றான் ராம்கி.

அருண்பாண்டிக்குக் காட்ட ஆசைதான். பெட்டியின் ஒட்டுத்தாளில் நகத்தைக்கூட வைத்துவிட்டான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"பாதிப் பாட்டு பாக்கி இருக்குப்பா. நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான். கூட்டமும் பின்னாலேயே ஏறியது.

அறை வாசலில் நின்று தன் கைப்பேசியைத் தங்கையிடம் கொடுத்தான். "வாணி, வெளிய பூட்டிரு. யாராச்சும் கேட்டா நான் ஊர்ல இல்லைன்னு சொல்லு."

"பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். வேலையா இருக்குன்னு சொல்றேன்."

"அதுவும் சரிதான்."

"வெளிய வரணும்னா ஜன்னல்ல கூப்பிடு. சாவியோட இங்கனதான் உக்காந்திருப்பேன்."

"பாப்பா, ஒரு நிமிஷம், நானும் உள்ள..." என்று ராம்கி காலை எடுத்து வைத்தான்.

அதற்குள் அருண்பாண்டி உள்ளே போய்விட்டான். தமிழ்வாணி கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டைப் பூட்டினாள்.