சத்தத்தை அடைத்தவன்

டிக்.

தன் சைக்கிள் கடையின் ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்த ஜெனிஷ் அப்படியே நின்றான்.

டிக். டிக் டிக்.

கடையில் ஆள் இல்லை. மின்விசிறி ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம்; திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மொத்தமும் பிரியாணி தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தது. நடுக்கடையில் ஸ்டாண்டில் தொங்கிய அந்த சைக்கிள் மட்டும், யாரும் தொடாமலே, வயிற்றுக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அலுமினியக் குழாய்க்குள் எலி எப்படிப் போகும் என்று அடுத்த நொடியே மனம் கேட்டது.

சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஷட்டரை மறுபடி பாதிக்கு இறக்கினான். இந்த வேலையை யாரும் பார்க்கக் கூடாது.

அது வெற்றியின் வண்டி. ரேஸ் சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, ஒல்லி டயர், பின் சக்கரத்தில் மோட்டார், கீழ்க்குழாய்க்குள் மறைந்திருக்கும் பேட்டரி. முகத்துவாரக்குப்பத்திலிருந்து திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு அதில்தான் போய் வருவான். படகு இஞ்சினில் அடிபட்ட முழங்கால் மிதிக்க ஒத்துழைக்காது. அதற்காகத்தான் மோட்டார் வைத்த வண்டி.

ஆறு மாதத்துக்கு முன் எர்ணாவூர் மேம்பால இறக்கத்தில் அந்த வண்டி நிற்கவில்லை. குறுக்கே மீன்கூடையோடு போன முத்தம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு நடுச்சுவரில் மோதியது. வெற்றி அங்கேயே முடிந்துவிட்டான். அதே குப்பத்து முத்தம்மாவுக்கு இடது கால் போய்விட்டது.

"பிரேக்கே புடிக்கல. மோட்டாரைப் போட்டுக்கினு ஷோ காட்டினு வந்தான்" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குப்பம் முழுக்க அதுவே பேச்சாயிற்று. தண்ணீர் லாரி வந்தால் வெற்றியின் மனைவி ஜெயஸ்ரீ குடத்தை வைக்கும் இடத்திலிருந்து மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

அந்த ஜெயஸ்ரீதான் நேற்று வண்டியை மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஓட்டறதுக்கு இல்லண்ணே. முன்னாடி எல்லாம் நசுங்கிதான் கீது. இரும்புக் கடையில போட்லாம்னா, அப்பா வண்டின்னு பையன் கட்டிப் புட்சிகினு அழுவறான். ஆனா உள்ள சத்தம் கேக்குதுண்ணே. சும்மா நிக்க வெச்சாலும் கேக்குது. கண்டுபுட்சி எடுத்துக் குடு. இல்லன்னா எண்ணூர்ல ஒருத்தன் ஃப்ரேமையே அறுத்துப் பாக்கறேன்றான்."

அறுத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று ஜெனிஷுக்குத் தெரியும். அதனால்தான் உடனே வாங்கி வைத்துக்கொண்டான்.

பழகிய கை பழகிய வரிசையில் போயிற்று. வண்டிக்குள் சத்தம் என்றால் முதலில் தண்ணீர் பாட்டில் தாங்கியின் திருகு. பிறகு சீட் தண்டு. பிறகு கைப்பிடிக் கழுத்து. ஒவ்வொன்றாக இறுக்கினான், தட்டினான், காதை வைத்துக் கேட்டான். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். அதை வைத்தவனே அவன்தான்.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது ஒரு திருகு கைநழுவிக் குழாய்க்குள் விழுந்தது. காந்தம் விட்டான், கம்பி விட்டான், வரவில்லை. மறுநாளே வெற்றி வந்து நின்றான். "இன்னாண்ணே, சலங்கை கட்ன மாடு மாதிரி கீது வண்டி! தெரு நாயெல்லாம் வழி விடுது!"

முழுக்கப் பிரித்தால் அரை நாள் வேலை. தன் தவறு என்றும் சொல்ல வேண்டும். ஜெனிஷ் இரண்டையும் செய்யவில்லை. ஒயர்கள் குழாயில் அடித்துச் சத்தம் போடாமலிருக்க, அவற்றின் மேல் ஸ்பாஞ்ச் சுற்றித் திணிப்பது வழக்கம். அப்படி ஒரு சாண் ஸ்பாஞ்சை எடுத்து அந்தத் திருகின் மேல் அழுத்தித் திணித்தான். வண்டியைக் குலுக்கிக் காட்டினான். பேச்சுமூச்சில்லை.

"போச்சுண்ணே! சத்தம் போச்சுண்ணே!" என்று சிரித்துக்கொண்டே போனான் வெற்றி.

ஸ்பாஞ்ச் திருகை ஒயரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டது. பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் ஒயர் அது. ஒவ்வொரு பள்ளத்திலும் திருகின் மரை அதை ராவியிருக்கும். இறக்கத்தில் வெற்றி பிரேக்கைப் பிடித்தான். மோட்டார் நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிற்று.

விபத்து விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "வண்டியில கோளாறு ஏதும் உண்டா?" என்று கேட்டபோது ஜெயஸ்ரீ பக்கத்தில்தான் நின்றாள்.

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு சார். அவன்தான் வேகமாப் போவான்" என்று ஜெனிஷ் சொன்னான். அவள் தலை குனிந்தது.

அந்தக் குனிந்த தலை ஆறு மாதமாக அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பேட்டரியை உருவி மேசைமேல் வைத்தான். வளைந்த கம்பியைக் கீழ்க்குழாய்க்குள் விட்டு ஸ்பாஞ்சைக் கொக்கி போட்டு இழுத்தான்.

ஈரமாக வந்தது.

கழிமுகச் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது. ஆறு மாதம் காய்ந்து கிடக்க வேண்டிய பொருள். பிழிந்தால் கறுப்பாகச் சொட்டியது. இழுத்தான். ஒரு சாண் வந்தது. இன்னும் இழுத்தான். இரண்டு சாண். இரண்டு முழம்.

அவன் வைத்தது ஒரு சாண்தான்.

விறுவிறுவென்று உருவினான். கடைசி நுனி வெளியே வந்தபோது அதில் ஒட்டிக்கொண்டு வந்தது அந்தத் திருகு. அதன் மரைகளுக்கு இடையில் செம்புத் துணுக்குகள் மினுங்கின.

அப்பாடா என்று உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"அண்ணே."

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள். ஜெயஸ்ரீ குனிந்து உள்ளே வந்தாள். "மனசு கேக்கல, அதான் பஸ் ஏறி வந்துட்டேன். கெடைச்சுதா?"

"ஒண்ணுமில்லம்மா." மூடிய கையைத் தொடைக்குப் பின்னால் கொண்டுபோனான். "ஒயருதான் ஆடிட்டுக் கெடந்துச்சு. சரி பண்ணிட்டேன். இனிமே சத்தம் வராது."

டிக்.

இருவரும் சைக்கிளைப் பார்த்தார்கள்.

திருகு அவன் கைக்குள் இருந்தது. குழாய் காலி. பின்பக்கம் தூக்கியிருந்த வண்டி அசையாமல் தொங்கியது.

டிக். டிக் டிக் டிக்.

"வராதுன்னியே" என்றாள் ஜெயஸ்ரீ மெதுவாக.

"அது... வேற ஏதோ..."

பின் சக்கரம் அசைந்தது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மோட்டார் ம்ம்ம் என்று முனகத் தொடங்கியது. ஜெனிஷ் மேசையைப் பார்த்தான். பேட்டரி அங்கேதான் கிடந்தது, ஒயர் இல்லாமல், மொட்டையாக.

சக்கரம் வேகம் எடுத்தது. கம்பிகள் மறைந்து வெறும் வட்டமாயிற்று. அவன் பாய்ந்து பிரேக்கைப் பிடித்தான். நிற்கவில்லை. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தான். உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் திருகு குத்தி ரத்தம் வந்தது.

நிற்கவில்லை.

ரப்பர் கருகும் வாடை. சேற்று வாடை. ஸ்டாண்ட் கடகடவென்று ஆடியது. நெளிந்த கைப்பிடி அவன் கைக்குள்ளேயே மெல்லத் திரும்பியது, யாரோ எதையோ இடிக்காமல் தப்பிக்கப் பார்ப்பதுபோல.

அப்போது காலிக் குழாயின் வாயிலிருந்து, காற்று ஊதுவதுபோல, ஒரு குரல்.

"சத்தம் போச்சுண்ணே..."

ஜெனிஷ் உடைந்துபோனான்.

"நான்தாம்மா!" என்று கத்தினான். "அவன் பிரேக் புடிச்சான் ஜெயஸ்ரீ. புடிச்சான். வண்டிதான் நிக்கல. திருகை உள்ள போட்டது நான். எடுக்கச் சோம்பேறித்தனப்பட்டு, சத்தம் வெளிய கேக்காம அடைச்சுக் குடுத்தேன். போலீஸ்கிட்ட உன் முன்னாடி நின்னு அவன் மேல பழியைத் தூக்கிப் போட்டேன். இந்தா பாரு, இதுதான்."

கையை விரித்துக் காட்டினான். ரத்தத்துக்கு நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திருகு.

மோட்டாரின் முனகல் அறுந்தது. சக்கரம் தன்பாட்டுக்குத் தளர்ந்து, தளர்ந்து, நின்றது.

வெளியே மின்சார ரயில் ஒன்று கடந்துபோகும் ஓசை. ஜெனிஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினான். விட்டு வந்த தெற்கத்திப் பேச்சு தானாக வாயில் வந்தது.

"முத்தம்மாகிட்ட நானே வந்து சொல்லுதேன். குப்பத்துல எல்லாரையும் கூப்பிட்டு, மீன் ஏலம் விடுற எடத்துல நின்னு சொல்லுதேன். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுக்கேன். அவன் மேல தப்பில்லன்னு சொல்லிருதேன். நீ என்னைச் செருப்பால அடி தாயி."

அவள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. ஓடிய சக்கரத்தைப் பார்த்தும் அவள் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை என்பது அப்போதுதான் ஜெனிஷுக்கு உறைத்தது. அவன் மெல்லத் தலை நிமிர்ந்தான்.

ஜெயஸ்ரீ அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், யாருமில்லாத மூலையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பிறகு அவனிடம் சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. 'அண்ணன் வாயால சொல்ற வரைக்கும் நீ யாராண்டயும் சொல்லாத, பாவம் மானஸ்தன்'னு இவுருதான் தெனம் சொல்லிகினே கீறாரு."