ஷெர்வானி போட்ட நரி

மயிலாப்பூரில் அந்த ஓட்டு வீட்டு வாசலில் ஜட்கா வந்து நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இறங்கியவர் கலீமுல்லா. அஸ்மத்துன்னிசாவின் புருஷன் இனாயத் கடலில் முழுகிப் போய், அவள் இத்தா இருந்த துக்கக் காலம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. முடிந்த கையோடு நிக்காஹ் பேச வந்துவிட்டார் மனிதர். இனாயத்தின் உயிர்த் தோழரான அவரைவிட்டால் அவளுக்கு நாதி யார் என்று தெருவே சொன்னது. அவளும் சரியென்று சொல்லத்தான் இருந்தாள்.

மாமியார் ஜைதூன் பீ அடுப்படியில் இருந்தாள். அஸ்மத் வழக்கம்போல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் குரல் பழக்கம். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"பாய், அவரு கடைசியா வரைஞ்ச படம், அச்சாபீஸ்லேர்ந்து இன்னிக்குத்தான் வந்திச்சு. செவுத்துல மாட்டிக்கீது. அதுக்கு இன்னா அர்த்தம்?"

படத்தில் ஒரு நரி. கறுப்பு ஷெர்வானி போட்டு, மனிதனைப்போல் நிமிர்ந்து, கையைத் தூக்கி சலாம் வைத்தது.

கலீமுல்லா சிரித்தார். "கொழந்தைங்க புஸ்தகத்துக்குப் போட்டது, பாபி. நரி பெரிய மனுசன் வேஷம் போட்டுக்கினு வருது. வேற இன்னா?"

"நாலு மாசமாச்சு, சாயம் இன்னும் காயல, பாய்."

சிரிப்பு நின்றது.

சாத்திய அறைக்குள் கடல் வாடை அடித்தது.

அவள் திரையை ஒரு விரல் விலக்கினாள். படத்தைத் தொட அவர் கையை உயர்த்தியிருந்தார். அவர் போட்டிருந்ததும் கறுப்பு ஷெர்வானி. அக்குளில் பச்சை நூல். கறுப்பு நூல் தீர்ந்துபோன ஒரு பெருநாள் காலையில் அவளே அவசரமாகப் போட்ட தையல்.

நரியின் அக்குளிலும் அதே பச்சை.

பட்டினப்பாக்கத்தில் படகு கவிழ்ந்தபோது இனாயத் அந்த ஷெர்வானியோடுதான் முழுகினான் என்று அழுது சொன்னவர் இவரேதான். திரைக்குப் பின்னால் இருப்பவளுக்குக் கண் கிடையாது என்று நினைத்துவிட்டார் போலும். இந்த வாய்க்கு அவள் எத்தனை வேளை ஆக்கிப் போட்டிருக்கிறாள்!

"அவரு துணி உங்க மேல எப்படி வந்திச்சு?"

படத்தைத் தொட்ட அவர் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் படகுல ஏறினான்," என்று முணுமுணுத்தார். "கரையாண்டதான் கவுந்திச்சு. கூப்பிட்டான். நான் போகல. உன் கொரலைக் கேட்டுக் கேட்டு..."

"கழட்டிப் போட்டுட்டுப் போடா."

அவர் போட்டுவிட்டு ஓடினார்.

அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. உருவப்படம் பார்த்திருக்கத் தொழக் கூடாது என்று நரியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அழுதுகொண்டே தொழுது சலாம் கொடுத்து நிமிர்ந்தாள்.

இனாயத் முன்னால் நின்று தொழவைக்கும் இடத்தில், மேற்கே பார்த்தபடி, ஈரமான இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன.