மூக்கடைத்த குரல்

பிரேமினி மூச்சை அடக்கிப் பார்த்தாள். காம்பரா அறைக்குள் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அவள் தனியாகத்தான் இருந்தாள். பீனசத்துக்கு ஒப்பரேசன் செய்து, இரத்தம் கசியாமலிருக்க மூக்கின் இரண்டு பக்கமும் மருந்து தோய்த்த நாடாத் துணியை இறுகத் திணித்து அனுப்பியிருந்தார்கள். "கிளினிக்ல நாங்க எடுக்குற வரைக்கும் கைய வச்சிறாதீங்க. வாயாலயே மூச்சு விடுங்க," என்றிருந்தார் நர்ஸ். கணவன் ஜெயகாந்தன் வலி மாத்திரை வாங்க டவுனுக்குப் போயிருந்தான். மதியமே இறங்கிவிட்ட மூடுபனி கதவிடுக்கில் நுழைந்து, தகரக் கூரைக்கடியில் தொங்கி, ஈரவிறகின் புகையோடு கலந்து நின்றது. அந்தப் புகையின் வாடைகூட அவளுக்குத் தெரியவில்லை, தொண்டையில் வழிந்த இரத்தத்தின் துருச்சுவை மட்டும்.

அடுப்படியில், விறகு அடுக்கிய மூலையிலிருந்து அது வந்தது. வாயால் இழுத்து வாயால் விடும் மூச்சு. சின்ன நெஞ்சின் மூச்சு.

"அப்பா..."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். போன மழையில் மலை சரிந்தபோது, பழைய லயத்தோடு மண்ணுக்குள் போனவன் அவள் மகன் பிரதாப். அவன் மூக்கிலிருந்த சேற்றை அவள்தான் விரலால் வழித்தெடுத்தாள். பெட்டியில் வைக்குமுன் மூக்கில் பஞ்சு வைத்ததும் அவளே. வேறு யாரையும் தொடவிடவில்லை.

"அப்பா... அப்பா..."

அம்மாவைத் தேடவில்லையா அவன்?

"அம்மா இருக்கேன்யா," என்றாள். அடைத்த மூக்கில் அந்த 'அம்மா', 'அப்பா' என்றே வெளிவந்தது.

பிரேமினியின் கை தன் மூக்குத் துணிக்குப் போனது. அவனும் இவ்வளவு நேரம் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மண்டியிட்டு இருட்டுக்குள் கையை நீட்டினாள். ஈரம். குளிர்ந்த கன்னம். விரல் பஞ்சைத் தொட்டது. உருவினாள். அடுத்ததையும். பின்னாலேயே செம்மண் வழிந்தது.

"அம்மா." இப்போது தெளிவாக.

அழுதாள். அழுவதற்கும் வாய் ஒன்றுதான் வழி. பிரதாப் அவள் மடியில் ஏறினான். அவள் மூக்கைத் தடவிப் பார்த்தான்.

"ஒங்களுக்கும் வச்சிட்டாங்களாம்மா?"

தலையாட்டினாள்.

"அப்ப வாயத் தொறந்து வச்சிருக்கக் கூடாது. மண்ணு உள்ள போயிரும்."

சின்ன உள்ளங்கை அவள் உதடுகளைச் சேர்த்து மூடியது. இறுக்கமாக. வெளியே ஜெயகாந்தன் படியேறி வரும் சத்தம். "பிரேமி, கதவத் தொற."

அவள் அந்தக் கையை விலக்கவில்லை.