இரண்டு பேருக்குச் சாப்பாடு

இரண்டாவது டப்பா இன்றைக்கும் காலியாகத்தான் திரும்பி வந்தது. குழாயடியில் அதைத் திறந்ததும் அவளுக்கு முதலில் உறைத்தது வாசனை. மீன் வாசனையும் இல்லை, சோற்றின் புளிப்பும் இல்லை, நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் மேலே எழும்புமே, அப்படி ஒரு குளிர்ந்த, பாசி படிந்த மூச்சு. மாமனாரின் டப்பாவில் எப்போதும்போல ஓரமாக நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது, மிளகாய் ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். உட்புறம் முழுக்க அரத்தால் இழுத்தது போல மெல்லிய கீறல்கள். எல்லாம் ஒரே திசையில்.

கழுவின மாதிரி இல்லை. நக்கின மாதிரி இருந்தது.

அவள் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அன்றைக்கு மாமனாருக்குக் காய்ச்சல். அவன் மட்டும் தனியாகப் போனான். படகு கிடைத்தது. வலை மடித்தபடியே இருந்தது, செருப்பு ஜோடியாக இருந்தது, ஆள் இல்லை. உடல் கரை ஒதுங்கவும் இல்லை. ஒதுங்கியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மருந்துக்கடை வேலைக்குப் போய் வந்து கொண்டிருந்தவளுக்கு, அழுவதா காத்திருப்பதா என்று யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்புதான் மாமனார் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தார். "இன்னொரு டப்பாலயும் கொஞ்சம் போட்டுக் குடும்மா. கடல் காத்துல பசி தாங்கல" என்றார். மனுஷனுக்குப் பசியாவது வந்ததே என்று அவளுக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறவர் இளைத்துக்கொண்டே போனார். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தோளில் தொங்கியது. மீனும் கொண்டு வருவதில்லை.

அப்படியானால் கடலில் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள்.

அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. மனிதர் போகாத பாறைகளும் திட்டுகளும் அந்தப் பக்கம் நிறைய இருப்பதாக அவள் கணவனே சொல்லியிருக்கிறான். காலொடிந்து கிடக்கலாம். தலையில் அடிபட்டு யாரையும் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். கடையில் ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினாள். திட்டு காதிலேயே ஏறவில்லை. மறுநாள் லீவு போட்டாள். குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, டப்பாக்களை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள்.

துறையில் இன்ஜின் மெக்கானிக் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் கணவனோடு படித்தவன். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தபடி எழுந்து வந்தான்.

"அக்கா, நீங்க எங்க?"

"மாமாவோட போறேன்."

"வேண்டாம்க்கா. யாருமே அவரோட போறதில்ல, தெரியுமில்ல? கூட்டாளிங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்க."

"ஏன்?"

அவன் துறையின் கடைசியில் கட்டியிருந்த படகைப் பார்த்தான். "கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. அதுல ஒருத்தர் அவரோட போய்த் திரும்பி வந்ததுலேர்ந்து வாயே திறக்கல. கேட்டா தொண்டைய மட்டும் தொட்டுக் காட்டுறாரு. பயம்னு நெனச்சுக்கிட்டோம்."

மாமனார் அவளை ஏற்ற மறுத்தார். அவர் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. "வீட்டுக்குப் போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்." அவள் படகில் ஏறி முன்பக்கப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு உயிரோட இருக்காரா, இல்லயா? அத மட்டும் சொல்லுங்க, இறங்கிடறேன்." அவர் நெடுநேரம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவிழ்த்தார்.

துறையில் அவருக்குத் திசைகாட்டி என்று பட்டப்பெயர். கண்ணைக் கட்டி விட்டாலும் கல்யாண வீட்டில் பந்தி நடக்கும் இடத்துக்குச் சரியாகப் போய்விடுவார் என்று கேலி செய்வார்கள். கரை கண்ணில் இருக்கும்வரை கலங்கரை விளக்கத்தையும் அதன் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் வைத்துப் படகை விட்டார். இரண்டும் மங்கி மறைந்ததும், அலை படகின் எந்தப் பக்கத்தைத் தட்டுகிறது என்பதைக் காலால் உணர்ந்து திருப்பினார். இடம் காட்டும் கருவி ஒன்றும் இருந்தது. துணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் கிடந்தது.

"அதப் போட வேண்டியதுதானே மாமா?"

"போட்டா, அங்க வெறும் தண்ணிதான் இருக்குன்னு காட்டும்."

மதியம் போய்விட்டது. வெயில் இல்லை, காற்று இல்லை, வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. பறவைகள் நின்றுபோனதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். பிறகு அந்த வாசனை வந்தது, டப்பாவில் இருந்த அதே வாசனை, முதலில் மூக்கின் நுனியில் லேசாக, பின் நாக்கின் அடியில், பின் புடவையின் மடிப்பில் எல்லாம் ஈரம் போல இறங்கியது. தூரத்தில் ஒரு சத்தம். பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சை இழுத்து, நிறுத்தி, விடுவது போல. பாறைப் பிளவுக்குள் கடல் புகுந்து வெளியேறும் சத்தம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் இருந்தது. கறுத்த, உயரமான பாறை. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. பிளவின் வாயில் மேசை போல ஒரு தட்டைக் கல்.

அவர் இன்ஜினை நிறுத்தினார். கழியால் பாறையைத் தொட்டுப் படகை நிலைப்படுத்தி, இரண்டாவது டப்பாவைத் திறந்து கல்லின்மேல் வைத்தார். சாமிக்கு வைப்பது போல இல்லை. நாய்க்கு வைப்பது போலவும் இல்லை. நோயாளிக்கு வைப்பது போல இருந்தது.

"மாமா, உள்ள அவருதான் இருக்காரா?"

அவர் படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். கண்கள் பிளவிலேயே இருந்தன. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அது நம்ம புள்ள இல்லம்மா. எனக்குத் தெரியும், நல்லாவே தெரியும். ஆனா அவன் குரல் அதுகிட்டதான் இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை.

"முதல்ல பழசயே சொல்லிச்சு. அப்பா கயிற எடுங்க, அப்பா சாப்டீங்களா, இப்படி. நான் அத கேக்கத்தான் வந்தேன். வேற எங்க போய்க் கேப்பேன்? இப்ப புதுசா பேசுது. உன்னப் பத்திக் கேக்குது. அதனாலதான் வர வேண்டாம்னேன். என்ன கேட்டாலும் வாயத் திறக்காத. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்யுமுன் பிளவுக்குள் தண்ணீர் நின்றது. அலை உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அந்த அமைதியில் எஃகின் மேல் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. மெதுவாக. ஒரே திசையில். டப்பா இருந்த இடத்தில் இருள் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. கையா, முகமா, எதுவும் பிடிபடவில்லை. பார்க்கப் பார்க்கக் கண்ணில் நீர் கோத்தது.

மாமனார் கண்களை மூடிக்கொண்டார். கச்சேரி தொடங்கப் போகும்போது ரசிகர்கள் காத்திருப்பார்களே, அப்படி அந்த மனிதர் காத்திருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா" என்றது.

அவன்தான். காலையில் எழுந்ததும் அவனுக்கு இருக்கும் அந்தக் கரகரப்புகூட அப்படியே.

"அப்பா, இன்னிக்குக் காத்தே இல்லப்பா."

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. சத்தம் இல்லாமல் சிரித்தார்கூட.

படகு தானாகவே பாறைப் பக்கம் சாய்ந்தது. முன்பக்கத்தில் இருந்த அவளுக்கும் பிளவுக்கும் நடுவே ஒரு கை நீட்டும் தூரம். உள்ளேயிருந்து வந்த குளிர் முகத்தில் பட்டது. அந்தக் குளிரோடு, அவள் காதுக்கு மட்டும் எட்டும்படி, மிகத் தாழ்ந்து அந்தக் குரல் வந்தது.

"தூங்கிட்டியா?"

இரவு அவன் நேரம் கழித்து வரும் நாட்களில், குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று, இருட்டில் பாயோரம் குனிந்து அப்படித்தான் கேட்பான். ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கேள்விக்காகத்தான் அவள் விழித்துக் கிடந்தாள். வேறு எதைக் கேட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"இல்ல" என்று முணுமுணுத்தாள். "முழிச்சிட்டுதான் இருக்கேன்."

தொண்டையில் உப்புக் கரித்தது. அவ்வளவுதான். நின்ற தண்ணீர் பெருமூச்சோடு வெளியே கொட்டியது, படகு பின்னால் தள்ளப்பட்டது, டப்பா கல்லில் உருண்டு கணகணத்தது.

பழைய இன்ஜின்களின் இரைச்சலில் பாதி போய்விட்ட காதுகள் மாமனாருடையவை. அவள் பேசியது அவருக்குக் கேட்டிருக்கவில்லை. "இன்னிக்கு இவ்வளவுதான் போல" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழியால் டப்பாவை இழுத்து எடுத்தார். இன்ஜினைக் கிளப்பினார்.

பாறை மறையும்வரை அவள் திரும்பிப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, இனி இங்கே வரவே கூடாது மாமா என்று சொல்ல வாயெடுத்தாள்.

காற்று மட்டும் வந்தது.

இருமினாள். சத்தமில்லை. மறுபடி முயன்றாள். தொண்டையை அழுத்திக்கொண்டு கத்திப் பார்த்தாள். நரம்பு புடைத்தது, கண் கலங்கியது, படகில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். மெக்கானிக் சொன்ன, தொண்டையைத் தொட்டுக் காட்டும் ஆளின் நினைவு வந்தது. வீட்டில் குழந்தை இப்போதுதான் அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தது. நிலா என்றால் நிலா. பூ என்றால் பூ.

அவர் அவள் அழுவதைத்தான் பார்த்தார். "அழுதுடும்மா" என்றார் மென்மையாக. "நானும் முதல் நாள் இப்படித்தான் அழுதேன். நாம இனிமே வர வேண்டாம். புள்ளய வளக்கணுமில்ல? போதும். வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் அதை மனதாரச் சொன்னார். அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது போலக்கூட இருந்தது.

அந்தி சாயும் முன்பே மூடுபனி வந்தது. நாலா பக்கமும் ஒரே வெள்ளை. கரையின் விளக்கு தெரிய வேண்டிய இடத்திலும் வெள்ளை. அவர் இன்ஜினைக் குறைத்து, காலால் அலையைத் தேடினார். கடல் அசையவே இல்லை. காது கொடுக்க வேண்டும் என்று இன்ஜினை நிறுத்தினார்.

அப்போது பின்னாலிருந்து கேட்டது.

"மாமா!"

அவள் குரல். தண்ணீரின் மேல், தூரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு.

"மாமா, என்னை விட்டுட்டுப் போறீங்களே! நான் தண்ணில கிடக்கேன் மாமா!"

அவர் விறைத்துப்போனார். மெல்லத் திரும்பி, முன்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். தன் தொண்டையைக் காட்டினாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான்தான், நான்தான்.

"பேசு" என்றார்.

அவள் கை கூப்பினாள்.

"பாறைய விட்டுக் கிளம்பினதுலேர்ந்து நீ ஒரு வார்த்தை பேசல." அவர் குரல் நடுங்கியது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. மாமான்னு கூப்பிடு. போதும்."

அவள் மண்டியிட்டாள். வாயைத் திறந்தாள். உயிரையெல்லாம் திரட்டி உதடுகளைக் குவித்து, விரித்தாள்.

"மாமா" என்ற சொல் பனிக்குள்ளிருந்து வந்தது.

அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் அசைவும் அந்தச் சத்தமும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தியதை அவர் பார்த்தார். அவர் முகத்தில் எதுவோ அணைந்தது. குரல் இங்கே இல்லை. குரல் அங்கே இருக்கிறது, அப்படியானால் அவளும் அங்கேதான். பாறையைத் தள்ளும் கழியை எடுத்துத் தனக்கும் அவளுக்கும் நடுவே குறுக்காகப் பிடித்தார். அவள் ஊர்ந்து முன்னால் வந்தாள். கழியின் முனை அவள் தோளில் பட்டது. தள்ளவில்லை. நெருங்க விடவும் இல்லை.

மறு கையால் இன்ஜினைக் கிளப்பினார்.

படகு அரைவட்டமாகத் திரும்பியது. அந்த வாசனை மறுபடி வந்தது. அவள் கத்தினாள், வாய் கிழியக் கத்தினாள். கத்தல் முழுவதும் எதிரே, பனிக்கு அப்பாலிருந்து கேட்டது. அதைக் கேட்டு அவர் வேகத்தைக் கூட்டினார்.

"வந்துட்டேம்மா" என்றார். கண்ணீர் தாடையில் சொட்டியது. "அழாதம்மா, மாமா வந்துட்டேன்."

அவளைப் பார்த்து அல்ல.